பம்பாய்க்கு வருவது நைனாவா, மாமாவா

முருகன் துணை

திருத்தணி,
விரோதி வருஷம், ஆடி மாதம்,
கிருத்திகை கழிந்து மூன்றாம் நாள்.

சௌபாக்கியவதி சுலோச்சனாவுக்கு உன் நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. தணிகை மலையான் தயவில் இவ்விடம் உன் அம்மா க்ஷேமம், ராஜவேலு மாமா மிகவும் க்ஷேமம், கன்று போட்ட பசுவும் க்ஷேமம், என் ஒருத்தனுக்குத்தான் கொஞ்ச நாளாய் உடம்பு சரியில்லை. பயப்படாதே, ஜுரமில்லை, இருமலில்லை, பொறாமை. இதற்குக் கஷாயம் கிடையாது, தானாக இறங்கினால்தான் உண்டு என்று உன் அம்மா கைவிரித்துவிட்டாள். அவ்விடம் நீயும் மாப்பிள்ளை வரதராஜனும் சம்பந்தியம்மாளும் பரம சௌக்கியம் என்று ஆனி மாதத்தில் நீ போட்ட கார்டில் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எழுதுகிறேன், நம்பினேன் என்று எழுதவில்லை. ஏன் என்று கீழே விவரமாக எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி, ஆறு மாசக்காரி நின்றுகொண்டு படிக்கக் கூடாது.

அரக்கோணம் முக்தார் அகமது பாய், ஆர்.கே.பேட்டைக் கைலிகளை மூட்டை கட்டி பம்பாய்க்குக் கொண்டுபோய் விற்கிறவர், போகும்போது அம்மா கொடுத்த வடகத்தையும் எலுமிச்சங்காய் ஊறுகாயையும் உன்னிடம் சேர்த்தாரே, அவர் ஆடி பிறந்ததும் ஊர் திரும்பினார். வந்தவர் நம் கடைக்கு வரவில்லை. மாமாவின் நெல் மிஷினுக்குப் போகவேண்டுமானால் சன்னதித் தெருவில் நம் கற்பூரக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டும்போது மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அது போதாதா எனக்கு. ஒருத்தர் நடையைப் பார்த்தாலே அவர் கொண்டுவருவது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்குத் தெரிந்துவிடும், அப்படிப்பட்ட வித்தையை வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரியவில்லையே என்பது உன் அம்மாவின் பழைய குறை. கடையை அவளிடம் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, தவிட்டுத் தூசி மூக்கில் ஏறுகிறது, சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கிறது, வேஷ்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தால் மாமாவும் பாயும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ராஜவேலு சிரித்தான். காரணமில்லாமல் அவன் சிரிக்கிறவன் இல்லை, அதனால் அவனை விட்டுவிட்டுப் பாயின் பக்கம் திரும்பினேன். என்ன சேதி என்று பாயைக் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. "மன்னிச்சுக்கோங்க அண்ணே, பாப்பாதான் உங்ககிட்ட சொல்லவேணாம்னு சொல்லிச்சு. மாமாகிட்ட சொல்லுங்க, நைனாவுக்குத் தெரிஞ்சா சோறு இறங்காதுன்னு சொல்லிச்சு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மில் சங்கு ஊதும்போது நீ காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறாயாம். கீழே பொதுக் குழாயில் இரண்டு பேர் சண்டை போட்டால் மேலே நீ கதவைத் தாழ் போட்டுவிடுகிறாயாம். பக்கத்து அறையில் கருவாடு வறுத்தால் உனக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லையாம். யாராவது முகம் கொடுத்துப் பேசாவிட்டால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று நாளெல்லாம் யோசிக்கிறாயாம். சம்பந்தியம்மாள் இதற்கு வேஷம் என்று பெயர் வைத்திருக்கிறாராம். வளைகாப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சீக்கிரமே யாராவது வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்று நீ சொல்லியனுப்பியதையும் சொன்னார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை. நீ சொன்னது சரிதான், அதற்காக உன் மேல் எனக்கு இன்னும் கோபம்.

அம்மா, அது வேஷம் இல்லை. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னிடமிருந்து உனக்கு வந்தது. சிலர் பிள்ளைகளுக்கு நிலம் வைத்துவிட்டுப் போகிறார்கள், நான் உனக்கு இதை வைத்திருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பது ஊருக்கே தெரியும். கஞ்சி போட்ட புது வேஷ்டி கட்டினால் முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தெருவில் வண்டிக்காரன் மாட்டை அடித்தால் என் முதுகு சுளுக்கும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவன் முகம் வாடியிருந்தால் எனக்கு மட்டும் பாயசம் கசக்கும், மற்றவர்கள் இரண்டாம் தடவை வாங்கிக் குடிப்பார்கள். மனுஷனுக்குத் தோல் வைக்க மறந்து அனுப்பிவிட்டான் கடவுள், உரித்த வெங்காயம் மாதிரி இருக்கிறார் என்று உன் அம்மா சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆடிக் கிருத்திகைக்கு ஊர் உலகமெல்லாம் திருத்தணிக்கு வரும்போது திருத்தணியை விட்டு ஓடுகிற ஒரே கற்பூர வியாபாரி நான். வருஷத்தில் கடை ஓடுகிற நாள் அதுதான், அன்றைக்குக் கடையில் உன் அம்மா உட்காருவாள், நான் கே.ஜி.கண்டிகையில் பங்காரு நாயுடுவின் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்துகொண்டிருப்பேன். பம்பை மேளச் சத்தம் அங்கே வரைக்கும் வரும், ஆனால் அங்கே வருவதற்குள் களைத்துப்போய் வரும்.

இப்பேர்ப்பட்டவன் உனக்கு அப்பனாக இருக்கும்போது, நீ யாரிடம் சொல்லியனுப்பினாய்? ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் கோணிப் பையை விரித்துப் படுத்துக் குறட்டை விடுகிறவனிடம். மிஷின் நின்றால்தான் அவனுக்கு விழிப்பு வரும். தேள் கொட்டினால் இன்னா இது அரிக்குதே என்று கேட்கிற உடம்பு அது. என் பொறாமை இன்று நேற்று வந்தது இல்லை என்பது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். உனக்கு ஒரு வயதில் காது குத்தினோம், மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தவேண்டும் என்பது முறை, உட்கார்ந்தான். ஊசியைப் பார்த்ததும் நான் சரவணப் பொய்கைப் பக்கம் ஓடிவிட்டேன், அங்கே வரைக்கும் உன் அழுகை கேட்டது. மலைமேல் உனக்கு முடி இறக்கினோம், அதற்கும் மாமன் மடி. நீ பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டியது மாமன். கல்யாணத்தில் முதல் மாலை மாமன். பெற்றவன் நான், மடி மட்டும் எப்போதும் அவனுடையது. எந்தப் புண்ணியவான் இந்த முறைகளை எழுதினானோ அவன் நிச்சயம் ஒரு மாமனாகத்தான் இருந்திருப்பான். சரி, முறை போகட்டும். கல்யாணம் முடிந்து நீ மாப்பிள்ளையோடு பம்பாய் மெயில் ஏறினபோது அரக்கோணத்தில் என்ன நடந்தது? இஞ்சின் ஊதினது, நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். நீ ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாய், நான் எந்தக் கையை எடுத்து ஆட்டுவது? ராஜவேலு இரண்டு கையையும் ஆட்டினான், என் பங்கையும் சேர்த்து அவனே ஆட்டினான் போலிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவனோடு நான் பேசவில்லை, நான் பேசவில்லை என்பது அவனுக்குத் தெரியவும் இல்லை, அதுதான் அவனிடம் இருக்கிற பெரிய கஷ்டம்.

பாய் சொன்ன மறுநாள் காலையில் உன் அம்மாவும் மாமாவும் கூடி முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, அவளால் ரயில் ஏற முடியாது. ஆகையால் ஆவணி பிறந்ததும் மாமா வந்து உன்னை அழைத்துவருவது என்று முடிவு. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்கப் பிறந்த வீட்டார்தான் போகவேண்டும், மாமன் போகவேண்டும் என்று எந்த முறையிலும் இல்லை, நான் விசாரித்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே மூன்று பேரிடம் விசாரித்து வைத்திருந்தேன். உன் அம்மா, உங்களை அனுப்பினா உங்களைக் கூட்டிகினு வர அப்புறம் ஒரு ஆளை அனுப்பணும் என்றாள். அக்கா புருஷன் என்கிற மரியாதை குறையாமல் ராஜவேலு, இன்னா பாவா, பம்பாய் இன்னா கனகம்மாசத்திரமா, காலைல போய் சாயங்காலம் வர்றதுக்கு என்றான். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான், அதனால் எனக்கு இன்னும் எரிந்தது. எனக்கு என்ன குறை, என்ன பரீட்சை வேண்டுமானாலும் வை, செய்து காட்டுகிறேன் என்று எழுந்து நின்றுவிட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆடிக் கிருத்திகை அன்னிக்கு கண்டிகைக்கு ஓடாம, பம்பைக்காரங்களோட ஒரு தபா மலை ஏறிடுங்க பாவா. ஏறிட்டீங்கன்னா பம்பாய்க்கு நீங்களே போங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றான். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆங் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.

கிருத்திகை அன்றைக்குப் பொய்கையில் முழுகி, மஞ்சள் வேஷ்டி கட்டி, அம்மா காதில் வைத்துவிட்ட எண்ணெய்ப் பஞ்சோடு புறப்பட்டேன். ராஜவேலு மத்தியஸ்தன் மாதிரி பத்தடி பின்னால் வேர்க்கடலை உரித்துக்கொண்டே வந்தான். உனக்குத் தெரியாத கூட்டமா, ஆந்திராப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த காவடிகள், கற்பூரப் புகை, வேர்வை, வாடின பூ, நெருக்கித் தள்ளுகிற தோள்கள். முதல் மண்டபம் வருவதற்குள் ஒரு காதுப் பஞ்சு விழுந்துவிட்டது, குனிந்து எடுத்தால் மிதித்துவிடுவார்கள். திரும்பிவிடலாம் என்று பார்த்தால் பின்னால் வேர்க்கடலை. அப்போது ஒரு விஷயம் கண்டுபிடித்தேன், இதை நீ கவனமாகப் படி. பம்பைக்காரனுக்கு முன்னால் நடந்தால் அடி ஒவ்வொன்றும் பிடரியில் விழுகிறது. அவனுக்குப் பக்கத்தில் போய், அவன் கைக்குச்சியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். குச்சி மேலே போகிறது, இறங்குகிறது, இப்போது சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், வருகிறது. வரப்போகிறது என்று தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்தான் அம்மா. நம்மைப் போன்றவர்களை அடிப்பது சத்தம் இல்லை, திடீர் என்பதுதான். அந்த மில் சங்கு தினமும் ஒரே நேரத்தில்தானே ஊதும், மாப்பிள்ளையிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள், ஊதப்போகிறது என்று முன்னாலேயே எழுந்து ஜன்னலண்டை போய், வாடா என்று அதற்கு எதிரில் நில். சுவரோரம் போய் ஒளியாதே, ஒளிந்தால் அது தேடிவந்து அடிக்கும். முப்பது வருஷம் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்தவன் சொல்கிறேன். குழாயடிச் சண்டைக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை, தெரிந்தால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் சுத்தியல் சத்தத்தில் இருக்கிறவருக்கு நீ சொல்லாமல் தெரியாது.

அப்படிக் குச்சியைப் பார்த்துக்கொண்டே பாதி மலைக்குமேல் ஏறிவிட்டேன். ராஜவேலு கூட வேர்க்கடலையை நிறுத்திவிட்டான். இன்னும் கொஞ்சம்தான், பம்பாய் டிக்கெட் என் கையில் இருப்பது போலவே இருந்தது. அங்கே படியோரத்தில் ஒருத்தன் காவடியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான், எங்கேயோ கூலி வேலை செய்கிற ஆள், கை எல்லாம் காய்ப்பு. மடியில் மூன்று நான்கு வயதுப் பெண் குழந்தை. பம்பை நெருங்கி வருவதைப் பார்த்ததும் அவன் தன் இரண்டு கையாலும் அந்தக் குழந்தையின் காதைப் பொத்தினான். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் குழந்தை கண்ணை மூடி அவன் மார்பில் சாய்ந்தது, அவன் நாங்கள் கடந்து போகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ சுவரோரம் உட்கார்ந்து உன் காதை நீயே பொத்திக்கொள்கிறாய். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், கடித்ததில் உடம்பு உதற ஆரம்பித்தது. கிருத்திகை அன்றைக்குத் தணிகை மலைப் படியில் ஒருத்தன் உடம்பு உதறினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

சாமி வந்துடுச்சு என்று யாரோ கத்தினார்கள். ஐயோ அம்மா, அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. பம்பைக்காரர்கள் நாலு பேரும் திரும்பி என்னைச் சுற்றி நின்றுகொண்டு, சாமியை மலையேற விடாமல் பம்பையை அடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் அடிக்க அடிக்க நான் உதறுகிறேன், நான் உதற உதற அவர்கள் இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். எந்தக் குச்சியைப் பார்ப்பது, நாலு பக்கமும் குச்சி. இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கையில் எலுமிச்சம்பழம், நெற்றி முழுக்கத் திருநீறு, காலில் மஞ்சள் தண்ணீர். நான் கற்பூரக் கடை தேசப்பன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது, தெலுங்குக்காரி ஒருத்தி காலில் விழுந்து தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று தெலுங்கில் கேட்கிறாள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜவேலு வந்தான். என்னைக் காப்பாற்றத்தான் வருகிறான், வீட்டில் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று இருந்தேன். அவன் கையைத் தூக்கிப் பம்பையை நிறுத்தினான். நிறுத்திவிட்டு நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான்.

நான் அவனுக்கு எத்தனையோ நாள் எத்தனையோ கஷ்டம் வரட்டும் என்று மனதில் நினைத்திருக்கிறேன், ஆனால் இப்படி ஒன்று வரும் என்று நினைத்ததில்லை. எழுந்து கைகட்டி நின்றான், முகமெல்லாம் தண்ணீர். எத்தனையோ சாவு வீட்டுக்கு நாங்கள் சேர்ந்து போயிருக்கிறோம், அவன் அழுது நான் பார்த்ததில்லை. "முக்தார் பாய் சொன்ன நாள்ல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல சாமி. மிஷின் ஓடினாலும் இல்ல, நின்னாலும் இல்ல. மடியில வச்சி காது குத்தினப்ப அவ அழுத அழுகை இன்னும் என் காதுல கேட்டுகினு இருக்குது. கொழந்தையைக் கூட்டியாற நான் போகட்டுமா, அவ அப்பன் போகட்டுமா, நீயே சொல்லு சாமி" என்றான்.

சுலோச்சனா, அவன் கேட்ட கேள்விக்குப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அப்பன் போகட்டும் என்று இரண்டு வார்த்தை, அதற்கு மேல் அப்பீல் கிடையாது, தணிகை மலையான் தீர்ப்பு. பொறாமைக்காரனுக்கு ஆயுளில் இப்படி ஒரு நாள் வராது. ஆனால் அவன் சொன்ன அந்த அழுகை இருக்கிறதே, அது என் ஒருத்தன் காதில்தான் இன்னும் இருக்கிறது, அதிலாவது எனக்குப் பங்காளி கிடையாது என்று நான் இத்தனை வருஷமாய் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் அவன் வைத்திருக்கிறான். மடிக்குப் பக்கத்தில் கேட்டவன், என்னைவிட நன்றாகவே கேட்டிருப்பான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் தலையில் எறியவும் தோன்றியது. பிறகு மலைமேல் இருக்கிறவனை நினைத்தேன். அவன் பேரில் கற்பூரம் விற்றுச் சாப்பிடுகிற நான், அவன் வாயை இரவல் வாங்கி எனக்கே சாதகமாகப் பேசினால் அடுத்த மழைக்கே கடை கரைந்துபோகும். அதோடு இன்னொன்றும் அப்போதுதான் தோன்றியது. அழைத்துவருவது உன்னை, நானும் அவனும் உன் அம்மாவும் வாரக்கணக்கில் அடித்துக்கொள்கிறோம், ஒருத்தராவது உன்னைக் கேட்டோமா? "அவளையே கேளு" என்றேன். அதுதான் நான் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை. கூட்டம் அரோகரா போட்டது.

மேலே கூட்டிக்கொண்டு போய்த் தரிசனம் செய்யவைத்து, கீழே வீட்டு வாசல் வரைக்கும் தூக்காத குறையாகக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. ராஜவேலு என் எதிரில் உட்காருவதில்லை, பீடியை மறைக்கிறான். மச்சான், அது சாமி இல்லை, நான்தான், குழந்தை ஞாபகம் வந்து அழுதேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தேன். சாமி இறங்கினப்புறம் ஆளுக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காது பாவா, உடுங்க என்கிறான். நேற்று இரண்டு பேர் கற்பூரம் வாங்கிவிட்டு என் கையால் திருநீறு கேட்டார்கள், உன் அம்மா கொடுங்களேன் என்கிறாள், அவளுக்கு வியாபாரம். அவள் ஒருத்தியை ஏமாற்ற முடியவில்லை. விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துவிட்டு, கல்யாணமான நாளா நான் பாக்குற அழுகைதானே அது, அதுக்கு இன்னாத்துக்குப் பம்பை என்றாள். சிரித்து முடித்தபிறகு அடுப்பங்கரையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உனக்கு அனுப்பப் பயறு வறுக்க உட்கார்ந்தாள். அவளும் அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆகவே சாமி உத்தரவுப்படி உன்னைக் கேட்டு எழுதுகிறேன். ராஜவேலுவுக்கு எழுத வராது, அதனால் அவன் கட்சியையும் நானே எழுதவேண்டியிருக்கிறது, எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நானே குமாஸ்தா. அவன் சொன்னதை ஒன்றும் குறைக்காமல் எழுதுகிறேன். ரயிலில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் உனக்குப் படுக்க இடம் பிடிப்பானாம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி வெந்நீர் வாங்கி வருவானாம். மூட்டை முடிச்சு, கூலிக்காரன், டிக்கெட்காரன் எல்லாரையும் அவன் பார்த்துக்கொள்வானாம், நீ வாயைத் திறக்க வேண்டாமாம். சம்பந்தியம்மாள் என்ன பேசினாலும் அவன் காதில் ஏறாதாம், அது உண்மைதான். அவன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான், அதை மலைமேல் சத்தியமாக நானும் எழுதித் தருவேன். என் கட்சி என்ன? எனக்கு இடம் பிடிக்கத் தெரியாது. வெந்நீருக்கு இறங்கினால் வண்டியைத் தவறவிடுவேன். சம்பந்தியம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் போகும். ஆனால் ராத்திரி ஏதாவது ஒரு பாலத்தின் மேல் வண்டி போகும்போது நீ திடுக்கிட்டு எழுந்தால், இன்னா ஆச்சி என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன். நானும் உட்கார்ந்துகொண்டிருப்பேன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான், இதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்லவேண்டும்.

இதுவரைக்கும் எழுதினதை ராஜவேலுவுக்குப் படித்துக் காட்டினேன். நின்றுகொண்டே கேட்டான். கேட்டு முடித்து, நீங்களே போங்க பாவா, அப்படியே எழுதிடுங்க என்றான். பார்த்தாயா, அதிலும் அவன் முந்திக்கொள்கிறான். விட்டுக்கொடுத்த பெருமையும் அவனுக்கே போவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன், ஆகையால் அப்படி எழுதவில்லை. முடிவு உன்னுடையது. மாமா வரட்டும் என்று நீ எழுதினால் அவனுக்குக் கட்டுசோறு கட்டி, டிக்கெட்டையும் நானே வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பேன், நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பேன், அவ்வளவுதான். ஆனால் யார் வந்தாலும் ஒன்று. இனிமேல் நல்லதோ கெட்டதோ எனக்கு நேராகச் சொல். நைனாவுக்குச் சோறு இறங்காது என்று யாரிடமும் சொல்லியனுப்பாதே. இறங்காவிட்டால் போகட்டும், ஒரு வேளை பட்டினி கிடந்தால் நான் செத்துப்போகமாட்டேன். பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் அப்பனுக்குச் சோறு இறங்கக் கூடாது, அதற்குத்தான் அப்பன். அந்தப் பட்டினியையும் மாமனிடம் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அம்மா உனக்குப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், வருகிறவர் கையில் வரும். வெயில் ஏறுவதற்குள் குளித்துவிடு, மாடிப்படியில் தண்ணீர்க் குடம் தூக்காதே, யார் வேஷம் என்று சொன்னாலும் வாய் பேசாதே, மனதில் மட்டும் என் நைனாவுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள். தணிகை மலையான் உன்னையும் வயிற்றில் இருக்கிறதையும் கண்ணிமை மாதிரி காப்பான். மஞ்சளும் குங்குமமுமாய் மகராசியாக வந்து சேர்.

ஆவணி பிறப்பதற்குள் பதில் போடு, கார்டு போதும், நைனா என்றோ மாமா என்றோ ஒரு வார்த்தை எழுது. இரண்டு பேரும் வாருங்கள் என்று மட்டும் எழுதிவிடாதே என்று எழுத வந்தேன், அவன் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் கதை பேசிக்கொண்டு வருவான். பிறகு யோசித்தேன், வெந்நீருக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே. அப்படி எழுதத்தான் உனக்குத் தோன்றினால் எழுது, எனக்குக் கோபமில்லை. ஆனால் என் பெயரை முதலில் எழுது.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தையே கோரும் நைனா,
பூ. தேசப்பன்,
கற்பூரக் கடை, சன்னதித் தெரு.